கூட்டக் குறிப்பு, திருத்தியது

அறுபது பேர் வந்தார்கள். இருபத்து நான்கு பெண்கள்.
நாற்பது சதவீதம் என்று எழுதினேன்.
ஓஷ் நகரத்து அலுவலகத்தில்
இந்த எண்ணைப் பார்த்தால் மகிழ்வார்கள்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசையில்
குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க
உட்கார்ந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர்.
மீதி ஐந்து பேர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
அதையும் பங்கேற்பில்தான் சேர்த்தேன்.

வாய்க்காலை வரையுங்கள் என்றேன்.
பெரிய தாள், நான்கு வண்ணப் பேனாக்கள்.
ஆண்கள் குனிந்து வரைந்தார்கள்:
தலைமதகு, பம்ப் அறை, லாரி போகும் பாதை,
தண்ணீர் பங்கிடும் எர்கேஷின் வீடு,
அது கொஞ்சம் பெரிதாகவே.
அழகான வரைபடம்.
பாத்கென் மலையடிவாரம் முழுவதும்
எப்போதும் பகலாக இருந்தது அதில்.

புருல்சா எழுந்து வந்தாள்.
நீட்டிய பேனாவை வாங்கவில்லை.
மேல்கோட்டுப் பையிலிருந்து
ஆப்ரிகாட் கொட்டைகளை எடுத்து வைத்தாள்.
இங்கே பலகை உடைந்திருக்கிறது.
இங்கே நாய்கள்.
இங்கே மேல்மடைக்காரன் நம் முறையில் கைவைப்பான்,
மண்வெட்டியோடு விடியும்வரை காவல் இருக்க வேண்டும்.
இங்கே, போன ஏப்ரலில், கனிஷாய் வழுக்கி விழுந்தாள்.
ஐந்தாம் மாதம்.
அந்தக் கொட்டையை மட்டும்
வைத்த பிறகும் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

கடைமடைக்கு இரவு முறை.
பகல் முறை யாருக்கென்று
யாரும் கேட்கத் தேவைப்படவில்லை.
முன்வரிசை சுவரைப் பார்த்தது.

எர்கேஷ் தொண்டையைச் செருமினார்.
"உறுப்பினர்கள் பேசட்டும்.
பதிவேட்டில் உன் வீட்டுக்கு டொப்சுபாய் பெயர்தான்."

"டொப்சுபாய் எக்கத்தரின்பூர்கில் சிமெண்டு சுமக்கிறார்.
பதினான்காவது மாடி.
அங்கிருந்து கையை நீட்டி மதகைத் திறப்பாரா?"

பதிவேட்டை வாசியுங்கள் என்றாள் சூராகான்,
கையில் தேநீர்க் கெண்டியோடு.
வாசித்தேன். நான்தானே குறிப்பெடுப்பவள்.
ஒவ்வொரு பெயருக்கும் பின்வரிசை ஊர் சொன்னது:
மாஸ்கோ. மாஸ்கோ. சுர்குத்.
போய் ஐந்து வருடம், தகவல் இல்லை.
பதினேழாவது பெயர், மாமசாலி.
"அவரைப் புதைத்து இரண்டு பனிக்காலம் ஆகிறது.
அவருக்கு ஓட்டு உண்டு, எனக்கு இல்லை.
அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மட்டும் நான்."
சொல்லிவிட்டு
அடுத்த கோப்பையை நிரப்பப் போனாள்.

தீர்மானம் ஏதும் ஆகவில்லை.
அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன்.
இரவு இரண்டு மணிக்கு, மூன்றாம் மதகில், என்றாள் புருல்சா.
எங்கள் முறை அப்போதுதான்.

வேடிக்கை என்று நினைத்து எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை எர்கேஷ் வந்தார்,
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.
பின்னால் ஒன்பது ஆண்கள், நான்கு டார்ச்.
உடைந்த பலகையில் கால் வைத்தது நான்தான்.
இடுப்புவரை பனி உருகிய நீர்.
பயிற்சிக் கையேட்டில் இல்லாத ஒரு சத்தம்
என்னிடமிருந்து வந்தது.
ஒரு ஷூ இன்னும் கடைமடையில் எங்கோ கிடக்கிறது.
கையைப் பிடித்து மேலே இழுத்தவள் கனிஷாய்.
இழுக்கும்போது தண்ணீரைப் பார்க்கவில்லை அவள்.

மறுவாரமே பலகை மாறியது.
பகலும் இரவும் இனி மாறி மாறி.
பதிவேட்டில் பெயர் மாறியது பதினொரு வீட்டுக்கு.
பதினொன்றுதான்.
கனிஷாயின் மாமனார் சம்மதிக்கவில்லை.
அவளும் வாதாடவில்லை.
மண்வெட்டியை அவர் வாசலில் சாத்திவிட்டு
உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.
அது இன்னும் அங்கேயே சாய்ந்திருப்பதாகக் கேள்வி.

படிவத்தில் நாற்பதை அடித்துவிட்டேன்.
வேறு எண் எழுத வேண்டும்.
மதகில் அன்று எத்தனை பெண்கள் என்று எண்ணவில்லை.
இருட்டு. குரல்கள்தான் இருந்தன,
ஒன்றின்மேல் ஒன்றாக.
தேநீர் ஊற்றியது எர்கேஷ், பிளாஸ்கிலிருந்து,
பாதி கோப்பையில், பாதி புல்லில்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.